விடை வந்தால் போதுமா?



ஆண்டு மலருக்குக் கவிதை கேட்டார்கள். எனக்குக் கவிதை வராது. அதனால் நாம் தினமும் லேபில் மல்லுக்கட்டுகிற எஸ்.க்யூ.எல். பற்றி மனதில் பட்டதைச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்க.

"கம்ப்யூட்டர் கணக்கு தப்பாது" என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். நானும் நம்பினேன், என் அம்மா ஒரு கேள்வி கேட்கிற வரைக்கும்!

அம்மா எங்க ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவில் இருக்காங்க. மொத்தம் 14 பேர். ஆளுக்கு மாதம் 200 ரூபாய் சேமிப்பு. அந்த நோட்டுக் கணக்கை எஸ்.க்யூ.லைட்டில் ஏற்றினேன். உறுப்பினர் பெயருக்கு ஒரு டேபிள், கட்டிய பணத்துக்கு ஒரு டேபிள். இரண்டையும் 'ஜாயின்' செய்து ஜனவரி மாதப் பட்டியலை எடுத்து, உரக்கப் படித்தேன். எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். பெருமை இருக்காதா?

அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாங்க: "பன்னெண்டு பேருதான்டா படிச்சே. மேலத்தெரு அக்கா எங்க? இட்லிக்கடை அத்தை எங்க?"

"அவங்க இந்த மாசம் கட்டலைம்மா. அதான் வரலை."

"கட்டாதவங்க பேருதானடா முதல்ல தெரியணும்! வீட்டுல என்ன கஷ்டமோன்னு போய்ப் பார்க்கத்தானே குழு?"

எனக்குச் சுருக்கென்றது. கைநாட்டு வைக்கிற அம்மா கண்டுபிடித்த தப்பைக் கம்ப்யூட்டர் சொல்லவில்லை. சிவப்பு எழுத்தில் எர்ரர் வரவில்லை. ஏனென்றால் அதன் கணக்குப்படி அது தப்பே இல்லை! சாதாரண ஜாயின், இரண்டு டேபிளிலும் இருப்பவர்களை மட்டும்தான் காட்டும். நான் கேட்டதை அது கொடுத்தது. கேட்கத் தெரியாதவன் நான்.

சரி என்று 'லெஃப்ட் ஜாயின்' போட்டேன். மறுபடியும் 12! காரணம், மாதம் ஜனவரி என்ற நிபந்தனையை 'வேர்' பகுதியில் எழுதியிருந்தேன். பணம் கட்டாதவர்களுக்கு மாதம் என்ற கட்டமே காலி, அதாவது 'நல்'. காலியான கட்டம் 'இதற்குச் சமமா?' என்று பார்க்கிற நிபந்தனையில் தேறாது. அதை 'ஆன்' பகுதிக்கு மாற்றிய பிறகுதான் 14 பேரும் வந்தார்கள்.

அதோடு விட்டதா? சராசரி கேட்டால் 200 ரூபாய் என்றது. வந்த பணம் 2,400. அதை 14ஆல் வகுத்தால் 171 ரூபாய் சொச்சம்தானே? 'ஏவிஜி' காலிக் கட்டங்களைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது. தோழர்களே, 'நல்' என்று பெயர் வைத்திருப்பதால் அது நல்லது என்று நினைத்துவிடாதீர்கள்!

1970ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட், தகவல்களை டேபிள்களாக வைக்கும் முறையை எழுதினார். 1974ல் அதே நிறுவனத்தின் சேம்பர்லினும் பாய்ஸும் சீக்வெல் என்ற மொழியை வெளியிட்டார்கள். அதுதான் பிறகு எஸ்.க்யூ.எல். ஆனது. எப்படித் தேட வேண்டும் என்று சொல்ல வேண்டாம், என்ன வேண்டும் என்று சொன்னால் போதும் என்பதே அதன் சிறப்பு. ஆனால் என்ன வேண்டும் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டுமே!

"இன்னும் எஸ்.க்யூ.லைட்டா? பிக்குவெரி, ஸ்னோஃப்ளேக் கத்துக்கடா" என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். கத்துக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த கிளவுடிலும் இதே ஜாயின், இதே நல்தான். இங்கே இரண்டு பேர் விட்டுப்போனால் அம்மா விரல் விட்டு எண்ணிச் சொல்லிடுவாங்க. அங்கே கோடி வரிகளில் இரண்டு லட்சம் பேர் விட்டுப்போனால் யார் எண்ணுவது? டிபிடி போன்ற கருவிகளில் சோதனைகளை எழுதி வைக்கலாம். ஆனால் எத்தனை பேர் இருக்கணும் என்று நாம் சொன்னால்தானே அதற்குத் தெரியும்?

"இப்போ க்வெரியை ஏ.ஐ.யே எழுதிடுதே" என்பார்கள் சிலர். எழுதட்டும். ஆனால் இட்லிக்கடை அத்தை அதற்கு யார்? பட்டியலில் விடுபடுகிறவர்கள் பெரும்பாலும் நம்ம வீட்டு ஆட்கள்தான். பணம் கட்டாதவர், கணக்கு இல்லாதவர், கட்டத்தை நிரப்பத் தெரியாதவர். அவர்களைத் தெரிந்தவர்கள் நாம். அதனால் அந்த வேலைக்கு நாம்தான் போக வேண்டும் என்பேன்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க மட்டும் க்வெரி எழுதாதீர்கள். ஜாயின் போடும் முன் ஒரு தடவை, போட்ட பின் ஒரு தடவை வரிகளை எண்ணிப் பாருங்கள். குறைந்தால், யார் குறைந்தார்கள் என்று கேளுங்கள்.

மேலத்தெரு அக்கா வீட்டுக்கு அம்மா அன்று சாயங்காலமே போனாங்க. அக்கா பத்து நாளாகக் காய்ச்சலில் படுத்திருந்தாங்க.



- இரண்டாம் ஆண்டு மாணவன், கணிப்பொறித் துறை