பெயரோடு நிறுத்துங்கள்

"தம்பி, உங்க பேரு என்னங்க?"

சென்னையில் வாடகைக்கு வீடு தேடிப் போன ஒவ்வொரு வாசலிலும் இந்தக் கேள்விதான் முதலில் வந்தது. குறை சொல்ல முடியாத கேள்வி. 'உன்' இல்லை, 'உங்க'. 'என்ன' இல்லை, 'என்னங்க'. மரியாதையாகப் பெயர் கேட்பது எப்படி என்று பாடப்புத்தகத்திலேயே போடலாம்.

பெயரைச் சொன்னேன். "முழுப் பேரே அதுதானா?" ஆமாம். "அப்பா பேரு?" சொன்னேன். "சொந்த ஊரு?" திருநெல்வேலிப் பக்கம். "டவுனா, கிராமங்களா?" கிராமம். "ஊர்ல எந்தத் தெருங்க?" கொஞ்சம் தயங்கினேன். "குலதெய்வம் எதுங்க?" கடைசிவரை ஒரு 'நீ' கூட வரவில்லை. காபி கூடக் கொடுத்தார் ஒருவர். மறுநாள் போன் செய்து, சொந்தக்காரப் பையன் வருகிறான், வீடு இல்லை என்றார். "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி" என்றும் சொன்னார்.

என் தாத்தாவின் பெயர் கருப்பசாமி. ஊர்த்தெருவில் அந்த 'சாமி'யை யாரும் சொன்னதில்லை. பத்து வயதுப் பையனும் "ஏலே கருப்பா" என்றுதான் கூப்பிடுவான். அறுபது வயதுக்காரர் "சொல்லுங்க சின்னையா" என்று போய் நிற்பார். அவரிடம் குலதெய்வம் எதுவென்று யாரும் விசாரிக்கவில்லை. எந்தத் தெரு என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்த இடத்தில் சாதிக்கு 'ஏலே' போதுமாக இருந்தது. தெரியாத ஊரில் அதே சாதி 'என்னங்க' என்று வருகிறது. தாத்தாவிடமிருந்து என்னிடம் வருவதற்குள் விகுதி மாறியிருக்கிறது. தேடுவது மாறவில்லை.

"தமிழ்நாட்டில்தான் யாரும் சாதிப் பெயர் போட்டுக்கொள்வதில்லையே" என்று பெருமையாகச் சொல்கிறோம். அது உண்மையான வெற்றிதான். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடச் சொன்னது. பெரியாரும் தன் பெயருக்குப் பின்னாலிருந்த 'நாயக்கர்' பட்டத்தைக் கைவிட்டார். பெயரைப் பார்த்த மாத்திரத்தில் சாதியைப் படிக்கும் வசதியை அந்த இயக்கம் பறித்தது. பறிகொடுத்தவர்கள் சும்மா இருப்பார்களா? பெயரில் கிடைக்காததை அப்பா பெயரில் தேடுகிறார்கள். அங்கும் கிடைக்காவிட்டால் ஊர், தெரு, சாமி, சாப்பாடு. "நான்வெஜ் சாப்பிடுவீங்களா?" என்பதும் இந்தப் பட்டியலில் ஒன்றுதான். வெட்டிப்போட்ட வாலைக் கேள்வி கேள்வியாக ஒட்டவைக்கும் வேலைக்கு நம் ஊரில் 'விசாரிப்பு' என்று பெயர்.

"ஊர் பேர் கேட்பது நம் பண்பாடு, அதில் என்ன தப்பு?" என்பார்கள். ஊர் கேளுங்கள். அந்த ஊரில் மழை உண்டா, என்ன விளையும், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் அது ஊரைப் பற்றிய ஆர்வம். ஊர் தெரிந்தவுடன் தெருவுக்குத் தாவினால் அது வேறு. ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்துவைத்த மண்ணில், 'எந்தத் தெரு' என்பது விலாசத்தை மட்டும் கேட்கும் கேள்வி இல்லை.

"அப்படியானால் அரசு சாதிச் சான்றிதழ் கேட்கலாமா?" என்று உடனே மடக்குவார்கள். கேட்கலாம், கேட்க வேண்டும். பறிக்கப்பட்ட பங்கைத் திருப்பிக் கொடுக்க அரசு கேட்கிறது. கதவைச் சாத்த வீட்டுக்காரர் கேட்கிறார். இரண்டும் ஒன்றா? என் சாதியை நானே மேடையில் ஏறிச் சொல்வேன், வெட்கமில்லை. நான் சொல்வதும் என்னிடமிருந்து தோண்டி எடுப்பதும் ஒன்றாகாது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. பலர் முன்னிலையில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் அதில் வழக்குப் போடலாம். "குலதெய்வம் எதுங்க?" என்று காபி கொடுத்துக் கேட்பவர் மீது என்ன வழக்குப் போடுவது? 2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். ஆனால் ஆவணத்தில் அழிந்த சொல்லை ஒருவர் வாயிலிருந்து வரவழைக்க இரண்டு கேள்வி போதும். அந்தக் கேள்விகளை அரசாணை போட்டு நிறுத்த முடியாது. கேட்பவர்தான் நிறுத்த வேண்டும்.

கேட்பவர்களில் நாமும் இருக்கிறோம், தோழர்களே. ஹாஸ்டலில் புதிதாக வந்தவனிடம் "ப்ரோ, நீங்க எந்தப் பக்கம்?" என்று ஆரம்பித்து "அப்ப நம்மாளா?" என்று முடிப்பவர்களுக்கு வயது இருபதுதான். அதே நாம், தெரு பெருக்க வருகிற அம்மாவிடம் ஒருநாளாவது பெயர் கேட்டிருக்கிறோமா? சட்டை போட்டவனிடம் பெயருக்கு மேல் ஐந்து கேள்வி. துடைப்பம் பிடித்தவரிடம் பெயர் கூடக் கேட்பதில்லை, கேட்டாலும் "உன் பேரென்ன?" தான். அவர் சாதி என்ன என்று முன்பே முடிவு செய்துவிட்டோம், அதனால்தான்.

மரியாதை 'உங்க'வில் இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தார்கள். அது பாதிதான். வேலை செய்பவர் யாராக இருந்தாலும் 'உங்க' போடுங்கள். முதலில் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். பதில் வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். உங்களிடம் யாராவது அடுத்த கேள்விக்குத் தாவினால், "எதுக்குக் கேக்குறீங்க?" என்று அதே மரியாதையோடு திருப்பிக் கேளுங்கள். பதில் சொல்லத் திணறுவார்கள்.

நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். பெயர் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். இனி வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, தண்ணீர் வருமா என்று பேசுவோம்.