ஓய்வு பெறாத உபாத்தியாயர்கள்

உத்தியோகங்களில் பல, ஓய்வு பெற்ற மறுநாளே மனிதரை விட்டுப் போய்விடுகின்றன. கலெக்டர் ஓய்வு பெற்றால் மறுநாள் அவர் வீட்டு வாசலில் டவாலிச் சேவகன் நிற்பதில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் ஓய்வு பெற்றால் பச்சைக் கொடியை வீட்டுக்குக் கொண்டு வந்து ஆட்டிக் கொண்டிருப்பதில்லை. உபாத்தியாயர் விஷயம் அப்படியல்ல. அவர் பள்ளிக்கூடத்தை விட்டாலும் பள்ளிக்கூடம் அவரை விடுவதில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால் மற்றவர்கள் முகூர்த்தம் எப்போது என்று பார்ப்பார்கள். உபாத்தியாயர் மூக்குக் கண்ணாடியைச் சரிப்படுத்திக் கொண்டு ஒற்றுப் பிழை எங்கே என்று பார்ப்பார்!

தமிழ் நாட்டில் அரசாங்க உபாத்தியாயர்களின் ஓய்வு வயது வெகுகாலம் 58 ஆக இருந்தது. 2020இல் அது 59 ஆயிற்று. 2021இல் 60 ஆயிற்று. ஆனால் இந்தக் கணக்கெல்லாம் கஜானாவுக்குத்தான். கதை சொல்லும் உத்தியோகத்துக்கு ஓய்வு வயது என்று ஒன்றை எந்தச் சர்க்காரும் இதுவரை நிர்ணயிக்கவில்லை.

மயிலாப்பூர் நாகேசுவர ராவ் பூங்காவிலோ, தியாகராய நகர் பனகல் பூங்காவிலோ காலை வேளையில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் இத்தகைய பெரியவர்கள் பலரைக் காணலாம். இவர்களுடைய தினசரி வாழ்க்கை பெரும்பாலும் ஒரே மாதிரியானது. விடியற்காலையில் நடை, பிறகு கபாலீசுவரர் சந்நிதி அல்லது காய்கறிக் கடை, பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போட்டி, மாடியில் நாலு ரோஜாத் தொட்டிகளுக்குத் தண்ணீர், மாலையில் பேரப் பிள்ளைகளின் வீட்டுக் கணக்கு. இவை எல்லாவற்றுக்கும் நடுவே, உப்புப் போல எதிலும் கலந்திருப்பது கதை. "நான் ஐந்தாவது வகுப்பு எடுத்துக் கொண்டிருந்தபோது" என்று ஆரம்பிப்பார். உடனே வீட்டில் ஒருவர், "இது போன வாரம் சொன்ன கதைதானே!" என்பார். பெரியவர் சிரித்துக் கொண்டே நிறுத்தி விடுவார்.

அப்படி நிறுத்தி விடுகிறாரே, அங்கேதான் குடும்பத்துக்குப் பெரிய நஷ்டம் உண்டாகிறது என்பது நம்முடைய அபிப்பிராயம். இதற்குச் சாட்சியாகச் சென்னையில் வாழ்ந்த மூன்று உபாத்தியாயர்களை நேயர்கள் முன் நிறுத்த விரும்புகிறோம்.

முதலாமவர் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர். 1855ஆம் ஆண்டில் பிறந்த அவர், 1880இல் கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதராக அமர்ந்தார்; 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி வந்தார்; 1919இல் ஓய்வு பெற்றார். அப்போது வயது 64. மற்றவர்களாயிருந்தால் சாய்வு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொண்டிருப்பார்கள். ஐயரவர்களோ பெருங்கதையை 1924இல் பதிப்பித்தார். அதே ஆண்டில் சிதம்பரத்தில் தொடங்கிய மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்குத் தலைவராகப் போய் 1927 வரை இருந்தார். குறுந்தொகைக்கு உரை எழுதி 1937இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 82. அவ்வாண்டு சென்னையில் காந்தியடிகள் தலைமையில் பாரதீய சாகித்ய பரிஷத் கூடியது. அதற்கு வரவேற்புக் கமிட்டித் தலைவரும் அவரே.

இவ்வளவும் புலமையின் காரியம். இதற்கு அப்பால், அவர் கதை சொல்ல உட்கார்ந்ததையே நாம் இங்கே முக்கியமாகக் கருதுகிறோம். மயிலாப்பூரிலிருந்து வெளியான 'கலைமகள்' முதலிய பத்திரிகைகளில் தாம் கண்டதையும் கேட்டதையும் சிறுசிறு கட்டுரைகளாக எழுதத் தொடங்கினார். சங்க நூல்களுக்கு அடிக்குறிப்பு எழுதிய கை, மாட்டு வண்டிப் பிரயாணத்தையும் மடத்துச் சாப்பாட்டையும் சங்கீத வித்துவான்களின் சண்டையையும் எழுதிற்று. பழைய நூல் ஒன்றில் இடையன் வெட்டிய மரத்தைப் பற்றி ஒரு குறிப்பு வருகிறது. அதன் கருத்து நெடுநாள் விளங்கவில்லை. ஆடு மேய்ப்பவன் கிளையை முழுதும் துண்டிக்காமல், ஆட்டுக்கு எட்டும்படி சாய்த்து விடுகிறான். ஆடும் தின்னும், கிளையும் மறுபடி தழைக்கும் என்ற செய்தி நாட்டுப்புறத்தில்தான் கிடைத்தது. பெரிய பண்டிதர், நாட்டுப்புறத்தில் பாடம் கேட்ட கதையைக் கூச்சமின்றிச் சொல்கிறார் பாருங்கள்! அதுதான் நல்ல உபாத்தியாயருக்கு லட்சணம்.

சங்கீதத்தில் அவருக்கு இருந்த பிரியமும் இவ்வாறே. அவருடைய தகப்பனார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். மாயூரத்தில் மாணாக்கராயிருந்தபோது, நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரிடமே ஐயர் சங்கீதம் கற்றுக் கொள்ளத் தொடங்கினார். தமிழாசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களுக்கு அது உவப்பாயில்லை என்று தெரிந்ததும் நிறுத்தி விட்டார். இளமையில் விட்ட அந்த ஆசை எங்கே போயிற்று? முதுமையில் திரும்பி வந்தது. கோபாலகிருஷ்ண பாரதியார், கனம் கிருஷ்ணையர், மகா வைத்தியநாதையர் ஆகியவர்களின் சரித்திரங்களாக அது உருவெடுத்தது. ஓய்வுக் காலத்தில் பொழுதுபோக்கு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இதுவே பதில்.

பிறகு, 1940ஆம் ஆண்டு ஜனவரி முதல், 'ஆனந்த விகட'னில் 'என் சரித்திரம்' வாரந்தோறும் வெளிவந்தது. 85 வயதை எட்டிக் கொண்டிருந்த உபாத்தியாயர், தமிழ்நாட்டுக் குடும்பங்கள் முழுவதற்கும் வாராவாரம் கதை சொன்னார் என்றால் அது சாமான்யமா? 1880ஆம் வருஷம் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்ததை அதில் அவர் விவரித்திருக்கிறார். தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத் தமிழ்களையும் ஐயர் அடுக்கிக் கொண்டே போகிறார், முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். ஐயர் படித்ததில்லை. அந்த ஒரு கேள்வியிலிருந்து 1887இல் சிந்தாமணிப் பதிப்புப் பிறந்தது. அடுத்த சுமார் முப்பது ஆண்டுகளில் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை, பரிபாடல் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தன. தாம் வெற்றி பெற்ற கதையை யாரும் சொல்வார்கள். தமக்கு ஒன்றும் தெரியாதிருந்த கதையை 85 வயதில் சொல்வதற்குத் தனி மனசு வேண்டும்.

இவ்வளவுக்கும், சொல்பவர் ஒருவர் இருந்தால் மட்டும் போதாது. கேட்பவரும் எழுதுபவரும் வேண்டும். ஐயரவர்களுக்கு அருகில் மாணாக்கர் கி. வா. ஜகந்நாதன் இருந்தார், சொல்லச் சொல்ல எழுதினார். அன்பர்கள் கேட்டுக் கொண்டேயிருந்தார்கள். அப்படியிருந்தும் காலம் பொறுக்கவில்லை. 1942 ஏப்ரலில் ஜப்பானியரின் குண்டுக்கு அஞ்சிச் சென்னை நகரமே காலியாயிற்று. ஐயரவர்கள் குடும்பத்தோடு திருக்கழுக்குன்றம் சென்றார். அங்கேயே அந்த மாதம் 28ஆம் தேதி காலமானார். 'என் சரித்திரம்' மணிமேகலைப் பதிப்பை ஒட்டிய காலத்தோடு நின்று விட்டது. அதாவது, அவர் 1903இல் சென்னைக்கு வந்த கதையே அதில் இல்லை. ஏறக்குறைய நாற்பது வருஷ காலம் சென்னையில் வாழ்ந்தவரின் சென்னை வாழ்க்கையை அவர் வாயால் தொடர்ந்து கேட்கும் பாக்கியம் நமக்கில்லாமற் போயிற்று. எழுதிய வரையில் உள்ளதை அவருடைய குமாரர் கலியாணசுந்தரையர் 1950இல் நூலாக வெளியிட்டார். மிச்சத்தைக் கி. வா. ஜ. பிற்காலத்தில் தமக்குத் தெரிந்தவரை எழுதினார்.

திருவல்லிக்கேணியில் ஐயரவர்கள் வாழ்ந்த 'தியாகராஜ விலாசம்' 2012இல் இடிக்கப்பட்டது. அவர் சேர்த்த ஏடுகளும் நூல்களும் அடையாற்றில் ருக்மிணிதேவி அருண்டேலின் முயற்சியால் 1943இல் தோன்றிய நூல்நிலையத்தில் இடம் பெற்றன. இப்போது பெசன்ட் நகரில் அந்த நூல்நிலையம் இருக்கிறது. செங்கல் போயிற்று, ஏடு நின்றது. யோசிக்க வேண்டிய விஷயந்தான்.

இரண்டாமவர் வலங்கைமான் ஸ்ரீநிவாச சாஸ்திரியார். திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலில் தலைமை உபாத்தியாயராயிருந்து, 1907இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தவர். தென்னாப்பிரிக்காவிலும் வட்டமேஜை மகாநாட்டிலும் இந்தியாவுக்காகப் பேசிய அந்த நாக்கு, கடைசியில் என்ன செய்தது? 1944 ஏப்ரல் முதல் நவம்பர் வரையில், மயிலாப்பூரில், வால்மீகி ராமாயணத்தைப் பற்றி 30 பிரசங்கங்கள் செய்தது! ஆங்கிலத்தில்தான் பேசினார். ஆனால் சொன்னது, நம்முடைய பாட்டிமார் சொல்லும் அதே கதை. ராமனை மனிதனாகவே வைத்து, அவன் பட்ட துயரையும் அவன் எடுத்த முடிவுகளையும் ஆராய்ந்தார். அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்து. 1946இல் சாஸ்திரியார் காலமானார். 1949இல் அந்தப் பிரசங்கங்கள் நூலாயின. அரசியல் மேடையில் அவர் பேசிய எத்தனையோ பேச்சுக்கள் இன்று சரித்திர மாணவர்களுக்கு மட்டுமே வேண்டியவை. ராமாயணப் பிரசங்கங்களை இன்றும் வீட்டில் வைத்துப் படிக்கலாம்.

மூன்றாமவர் ஓர் அம்மையார். சகோதரி சுப்புலட்சுமி என்று சென்னை முழுவதும் அறிந்தவர். 1886இல் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே மணமாகிக் கைம்பெண்ணானவர், 1911இல் பி. ஏ. பட்டம் பெற்றவர். தம்மைப் போன்ற பெண்களைச் சேர்த்துப் படிக்க வைத்து, கடற்கரை ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் விடுதி நடத்தி, எத்தனையோ பேரை உபாத்தியாயினிகளாக்கியவர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் மயிலாப்பூரில் குழந்தைகளையும் பெண்களையும் விட்டு அவர் விலகவில்லை. 1958இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்; 1969இல் காலமானார்.

அந்த அம்மையாரின் கதையைக் கேட்டு ஒரு புத்தகமாக எழுதியவர் யார் தெரியுமா? இங்கிலாந்திலிருந்து சென்னைக்கு வந்து தங்கிய மோனிகா ஃபெல்டன் என்ற மாது. 1966இல் அது ஆங்கிலத்தில் வெளிவந்தது. அந்த மாதுக்கு நாம் நன்றி செலுத்த வேண்டியதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நம் தெருவில், நம் வீட்டுப் பெண்களுக்கு அகரம் கற்பித்தவரின் கதையை அருகில் உட்கார்ந்து கேட்க, ஏழு கடல் தாண்டி ஒருவர் வர வேண்டியிருந்ததே! சுயராஜ்யம் வந்து பத்தொன்பது வருஷங்களாகியிருந்தன. சொந்தக் கதையைச் சொந்தமாகக் கேட்டுக் கொள்வதும் சுயராஜ்யத்தில் ஒரு பகுதி அல்லவா?

"இவர்களெல்லாம் மகான்கள், எங்கள் வீட்டுத் தாத்தா வெறும் கணக்கு வாத்தியார்தானே!" என்று நேயர்கள் சொல்லக்கூடும். அதனால் என்ன? சாமிநாதையரின் கட்டுரைகளில் வருகிறவர்களில் பாதிப்பேர் பெரிய மனிதர்களல்லர். சமையற்காரரும், கிராமத்துக் கர்ணமும், சோறு போட்ட அம்மாளும் அவற்றில் உயிரோடு உலாவுகிறார்கள். ஒரு கணக்கு வாத்தியார் முப்பது வருஷத்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பார்த்திருக்கிறார். மதியச் சோறில்லாமல் வந்த பையனை அவருக்குத் தெரியும். புத்தகம் வாங்க முடியாமல் படிப்பை நிறுத்திய பெண்ணைத் தெரியும். பஞ்ச காலத்தில் எத்தனை பெயர்கள் ஹாஜர்ப் பட்டியிலிருந்து மறைந்தன என்று தெரியும். இவை எந்தச் சர்க்கார் அறிக்கையிலும் முழுதாக வருவதில்லை.

ஆகவே ஒரு யோசனை சொல்கிறோம். பெரியவரிடம் போய், "கதை சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்க வேண்டாம். அப்படிக் கேட்டால் அவரும் பொதுவாக, "அந்தக் காலம் போல வருமா?" என்று ஆரம்பித்து விடுவார். சின்னக் கேள்வியாகக் கேட்க வேண்டும். முதல் மாதச் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்? பள்ளிக்கூடத்து மணி வெண்கலமா, தண்டவாளத் துண்டா? எந்தப் பையனை அடித்து விட்டுப் பிறகு வருந்தினீர்கள்? பாட்டிக்கு யார் எழுத்துக் கற்றுக் கொடுத்தார்கள்? ஊறுகாய் ஜாடி, பழைய குடை, செல்லரித்த புகைப்படம் இவற்றில் ஒன்றைக் கையில் கொடுத்தால் போதும். கதை தானாக வரும்.

வந்ததை அப்படியே எழுதி வைக்க வேண்டும். தேதி போட வேண்டும். இந்தக் காலத்தில் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் குரலைப் பதிவு செய்யும் டெலிபோன் இருக்கிறது. கி. வா. ஜ.வுக்கு இருந்த சிரமம் நமக்கில்லை. கடல் கடந்து வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகள் ஞாயிற்றுக் கிழமைகளில் பேசும்போது, "உடம்பு எப்படி? மாத்திரை சாப்பிட்டீர்களா?" என்ற இரண்டு கேள்விகளோடு மூன்றாவதாக ஒரு கதையும் கேட்கலாம். மாத்திரையை விட அது அதிகப் பலன் தரக்கூடும்.

சொன்ன கதையையே மறுபடி சொன்னால்? சொல்லட்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு புதுப் பெயர், ஒரு புது ஊர் வந்து சேருவதைக் கவனியுங்கள். பத்தாவது தடவையில்தான் அதுவரை வாய்விட்டுச் சொல்லாத விஷயம் வெளிப்படும். ஒன்பதாவது தடவையில், "போதும், தெரியும்" என்று நிறுத்தி விட்டவர்களுக்கு அது கிடைப்பதில்லை.

உபாத்தியாயர்கள் நமக்காக ஆயுள் முழுவதும் ஹாஜர் எடுத்தவர்கள். மாலையில் அவர்கள் வாயைத் திறக்கும்போது, வீட்டில் ஒருவராவது "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டாமா?