சுரங்க நீரும் வீணாகும் மின்சாரமும்

கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்ட பிறகு, 3 கிலோமீட்டருக்கும் ஆழமான அந்தக் குழிகளில் நீர் ஏறியது. ஜாரியாவின் நிலக்கரிச் சுரங்கங்களிலும் பாறை இடுக்குகளில் கசியும் நீரை இரவு பகலாக இறைத்தால்தான் வேலை நடக்கும். இதனாலேயே பம்ப் ஓடினால் போதும் என்ற எண்ணம் வேரூன்றிவிடுகிறது. ஒரு கன மீட்டர் நீரை வெளியேற்ற எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகிறது என்பதையும் ஒவ்வொரு சுரங்கமும் அன்றாடம் கணக்கெடுக்க வேண்டும்.

500 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு கன மீட்டர் நீரை மேலேற்ற, இழப்பே இல்லாவிட்டாலும் 1.36 யூனிட் தேவை. பம்பும் மோட்டாரும் சேர்ந்து 75 சதவீதத் திறனில் இயங்கினால் இது 1.8 யூனிட், 50 சதவீதமாகச் சரிந்தால் 2.7 யூனிட். நாளொன்றுக்கு 10,000 கன மீட்டர் இறைத்தால், வித்தியாசம் மட்டும் சுமார் 9,000 யூனிட். திறன் சரியக் காரணம் பெரும்பாலும் சேறுதான். நீரோடு வரும் மணலும் கரித்தூளும், பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லரைச் சுற்றியுள்ள வளையத்தை அரிக்கின்றன. இடைவெளி அகல அகல, அழுத்தம் பெற்ற நீர் பம்புக்குள்ளேயே உறிஞ்சும் பக்கம் திரும்பிவிடுகிறது. மோட்டார் எப்போதும்போல் சுழலும். மேலே வரும் நீர்தான் குறையும். அளந்து பார்க்காமல் இது தெரியவராது.

மோட்டாரின் வேகத்தைக் குறைக்கும் கருவியைப் பொருத்தினால் போதும் என்பார்கள் சிலர். ஆனால் சுரங்கத்தில் செலவின் பெரும்பங்கு நீரை ஏற்றும் உயரத்துக்கே போகிறது. வேகத்தைக் குறைத்தாலும் உயரம் குறையாது. பம்புக்கு முன்னால் சேறு படியத் தொட்டி அமைப்பதும், நீரை அடிமட்டம்வரை விழவிடாமல் மேல்தளத்திலேயே பிடிப்பதும்தான் பலன் தரும். 500 மீட்டருக்கு இறங்கவேண்டிய நீரை 200 மீட்டரிலேயே பிடித்தால், அந்த நீருக்கான மின்செலவில் ஐந்தில் மூன்று பங்கு மிச்சம்.

பாதுகாப்பு முக்கியமா, சிக்கனம் முக்கியமா என்று சிலர் கேட்கலாம். 1975 டிசம்பர் 27-இல் சாஸ்நாலா சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 370-க்கும் மேற்பட்டோர் மாண்ட நாட்டில் அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் மாற்றுப் பம்புகளைக் குறைக்கும்படி யாரும் சொல்லவில்லை. தேய்ந்துபோன பம்ப் ஆபத்துவேளையில் காகிதத்தில் எழுதிய அளவுக்கு இறைக்காது. அதை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது இந்த அளவீடுதான். மீட்டருக்கும் வளையத்துக்கும் ஆகும் செலவு பெரிதென்பவர்கள், அன்றாடம் வீணாகும் 9,000 யூனிட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். நம் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தே வருகிறது. அந்த நிலக்கரியைத் தோண்டும் இடத்திலேயே மின்சாரம் வீணாவதை இனியும் அனுமதிக்கக் கூடாது.