தணிக்கை - வெட்டுவதா, பார்ப்பதா?

காமர்ஸ் படிக்கிறவர்கள் கவனித்திருப்பார்கள். ஆடிட்டிங்குக்கும் தமிழில் 'தணிக்கை'தான், சினிமா சென்சாருக்கும் 'தணிக்கை'தான். வார்த்தை ஒன்று, வேலை வேறு. சென்சார் வெட்டும். ஆடிட்டர் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கூட கிழிக்க மாட்டார். வவுச்சரோடு ஒப்பிட்டுப் பார்ப்பார், கேள்வி கேட்பார், கடைசியில் தன் கருத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

பிள்ளைகள் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்ற பேச்சு கிறிஸ்தவ வீடுகளில் வரும்போதெல்லாம் பெற்றோர் கையில் எடுப்பது கத்தரிக்கோலைத்தான். பைபிள் கதையா, சரி. சினிமாவா, கூடாது. முடிந்தது விஷயம்! ஆனால் இவ்வளவு சுலபமா இது?

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூரையே எடுத்துக்கொள்வோம். பெரியநாயகி மாதா கோயில் இருக்கும் ஊர். ஈஸ்டரை ஒட்டி அங்கே பாஸ்கா நாடகம் நடக்கும். பாஸ்கா என்றால் காட்டிக்கொடுத்தல், சாட்டையடி, முள்முடி, சிலுவையில் அறைதல் எல்லாம் உண்டு. பாஸ்கா மேடைகளுக்கு முன்னால் சின்னப் பிள்ளைகளும்தான் உட்கார்ந்திருப்பார்கள். யாரும் சர்டிபிகேட் கேட்பதில்லை.

அதே கதையை மெல் கிப்சன் 2004ல் 'தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்' என்று படமாக எடுத்தார். அமெரிக்காவில் அதற்கு 'ஆர்' முத்திரை. 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையோடுதான் போக முடியும். பிரிட்டனில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். கதை ஒன்றுதான். ஆனால் சாட்டை சதையைப் பிய்ப்பதை கேமரா கிட்டே போய்க் காட்டியது. மேடை அப்படிக் காட்டுவதில்லை. ஆக, 'இயேசு படம்தானே' என்ற ஒரே காரணத்துக்காக ஆறு வயதுப் பிள்ளையை அதன் முன் உட்கார வைக்க முடியாது.

பைபிளே அப்படித்தான். சண்டே ஸ்கூலில் தாவீதும் கோலியாத்தும் உண்டு. தாவீதும் பத்சேபாளும்? லோத்தின் மகள்கள்? அந்தப் பக்கங்களை யாரும் கிழித்துப் போடவில்லை. வயது வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். வேதத்திலேயே வயது பார்க்கத் தெரிந்தவர்களுக்கு டி.வி.யில் பார்க்கத் தெரியாதா என்ன?

எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும். மதம் பேசாதது எல்லாம் ஆகாததா? ஆவூரில் பணியாற்றியவர் என்று சொல்லப்படும் வீரமாமுனிவர் சூசையப்பருக்காக 'தேம்பாவணி' பாடினார். அதே கையால் ஒரு முட்டாள் குருவையும் அவருடைய ஐந்து சீடர்களையும் வைத்து 'பரமார்த்த குரு கதை' எழுதினார். அதில் ஜெபம் இல்லை, சிரிப்புதான் இருக்கிறது. இன்றும் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கிறார்கள். கெட்டுப் போனவர்கள் யாருமில்லை.

சில சபைக் குடும்பங்களில் வீட்டில் டி.வி.யே வைப்பதில்லை. அதைக் கேலி செய்யத் தேவையில்லை. அங்கே பிள்ளைகளுக்கு நேரம் மிச்சம், வீட்டில் பேச்சும் மிச்சம். ஆனால் அந்தப் பிள்ளை ஒரு நாள் திருச்சிக்கோ சென்னைக்கோ ஹாஸ்டலுக்குப் போகும். கையில் போன் வரும். நல்லது கெட்டது பிரித்துப் பார்க்க ஒரு நாள் கூடப் பழகாத பிள்ளை, அத்தனையையும் தனியாகச் சந்திக்கும். பயம் அங்கேதான்.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க முடியாது. 2021 விதிகளின்படி ஓ.டி.டி. தளங்கள் 7, 13, 16 என்று வயது போட வேண்டும். 13க்கு மேற்பட்ட வகைகளுக்குப் பூட்டு வசதி தர வேண்டும். 2023 சட்டத் திருத்தம் சினிமாவின் 'யு/ஏ'வையும் அதே மூன்றாகப் பிரித்தது. சரி, 'யு/ஏ' என்றால் என்ன அர்த்தம்? பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்பதுதானே! சட்டம் பந்தை மறுபடி வீட்டுக்கே அடித்துவிட்டது.

அப்பா சிங்கப்பூரில், அம்மா நூறு நாள் வேலையில். எங்கே நேரம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். முழுப் படமும் கூட உட்கார்ந்து பார்க்க முடியாதுதான். ஆனால் ஹெட்போன் இல்லாமல், கூடத்தில் வைத்துப் பார் என்று சொல்ல முடியும். ராத்திரி சாப்பிடும்போது, 'இன்னைக்கு என்ன பார்த்தே? அவன் செஞ்சது சரியா?' என்று கேட்க முடியும். பாஸ்கா பார்க்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். 'ஏன் அப்பத்தா அடிக்கிறாங்க?' என்று கேட்டால் பதில் வரும். போனுக்குள் இருக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் யாருமில்லை. நாடகத்துக்கும் போனுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் ரத்தம் இல்லை, இதுதான்.

1896ல் இங்கிலாந்தின் கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கில் நீதிபதி லோப்ஸ் சொன்னது ஆடிட்டிங் பாடத்தில் வரும்: ஆடிட்டர் காவல் நாய், மோப்ப நாய் அல்ல. பெற்றோருக்கும் அது பொருந்தும். பிள்ளையின் போனைத் திருட்டுத்தனமாக நோண்டுவது மோப்பம். பிள்ளை தானாக வந்து, 'அம்மா, இதைப் பார்த்தேன், ஒரு மாதிரி இருந்துச்சு' என்று சொல்ல வழி வைத்திருப்பது காவல். திட்டு விழும் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளை வந்து சொல்லும்?