ஒரு சாண் தள்ளி வச்ச ஃபேன்

போன செமஸ்டர் மினி ப்ராஜெக்ட் போர்டை வீட்டுல வச்சே சால்டர் பண்ணினவங்க இதைக் கொஞ்சம் நின்னு படிங்க. லேப் நாலரைக்குப் பூட்டிடுவாங்க, ரிவ்யூ நாளைக்கு. ஆவடி பஸ்ல தொங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்து, ராத்திரி ஒன்பது மணிக்குக் கட்டில் ஓரத்துல உட்கார்ந்து அயர்னைச் சொருகுறோம். கொசு வரும்னு ஜன்னல் சாத்தியிருக்கும். மேலே சீலிங் ஃபேன் அஞ்சுல ஓடும். புகை நேரா மூக்குக்கு வரும். தலையைச் சாய்ச்சு ஒரு ஊது ஊதிட்டு அடுத்த பின்னுக்குப் போவோம். இந்தக் கட்டுரை அந்தப் புகையைப் பற்றியது. அதைவிட, அந்தப் புகைக்குன்னு நாம காசு கொடுத்து வாங்குற ஃபேனைப் பற்றியது. என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன்: 'ஃப்யூம் எக்ஸ்ட்ராக்டர்'னு பேர் போட்டு விக்கிற, கறுப்பு ஸ்பாஞ்ச் வச்ச மேசை ஃபேனை வாங்காதீங்க. நான் வாங்கினேன்.

எங்க வீடு அம்பத்தூர் மேனாம்பேட்டில். ஒரு ஹால், ஒரு ரூம், கிச்சன். ரூம்ல என் மேசை, அதே ரூம்ல தங்கச்சி படுக்கை. அவ எட்டாவது படிக்கிறா, சின்ன வயசுலேர்ந்தே வீசிங் உண்டு. நான் சால்டர் பண்ற ராத்திரியும் அவ இன்ஹேலர் தேடுற ராத்திரியும் ஒண்ணா வந்தது மூணு தடவை. இதுதான் காரணம்னு எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கலை. ஆனா நாலாவது தடவை வந்து நிரூபிக்கட்டும்னு காத்திருக்க எனக்கு மனசு வரலை. அதனாலதான் அந்த ஃபேனை வாங்கினேன். அவ இருமல் நிக்கலை. ஏன் நிக்கலைன்னு தேடப்போய்த்தான் இவ்வளவும் தெரிஞ்சது.

முதல்ல, புகையில என்ன இருக்கு? அம்மாவுக்கு பயம் எல்லாம் ஈயம்தான். 'ஈயத்தைக் காய்ச்சி மூக்குல விடுறியே'ன்னு திட்டுவாங்க. நம்ம மொழியில ஈயம் ரெண்டு: வெள்ளீயம், காரீயம். பாட்டி ரசம் வச்ச ஈயச் சொம்பு வெள்ளீயம். ரிச்சி தெருவுல நாம வாங்குற 60/40 கம்பியில 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். அது உருக ஆரம்பிக்கிறது 183 டிகிரியில. அயர்ன் முனை 350 டிகிரி சுற்றி இருக்கும். காரீயம் கொதிச்சு ஆவியாக 1,700 டிகிரிக்கு மேல வேணும். அதனால கண்ணுக்குத் தெரியுற அந்த வெள்ளைப் புகையில காரீயம் கணக்குல எடுத்துக்கிற அளவுக்கு இல்லை. காரீயம் உள்ளே போற வழி மூக்கு இல்லை, கை. கம்பியைப் பல்லுல கடிச்சுப் பிடிக்கிறது, அதே கையால மிக்சர் அள்ளுறது, தரையில சிதறின குட்டி உருண்டைகளைக் கூட்டாம விடுறது. இதுக்கு ஃபேன் உதவாது. சோப்பு போட்டுக் கை கழுவணும், மேசையை ஈரத் துணியால துடைக்கணும், அவ்வளவுதான்.

புகையா வர்றது ஃப்ளக்ஸ். கம்பிக்கு நடுவுல ஓடுற ரோசின், அதாவது பைன் மரத்துப் பிசின். சாம்பிராணி மாதிரி ஒரு வாசனை, அதனாலேயே நமக்கு அது கெடுதல்னு தோணாது. ஆனா பிரிட்டனின் உடல்நல பாதுகாப்பு நிர்வாகம், வேலையிடத்துல ஆஸ்துமா வர்றதுக்கான முக்கியக் காரணங்கள்ல ரோசின் ஃப்ளக்ஸ் புகையையும் ஒண்ணா வச்சிருக்கு. அங்கே 8 மணி நேர சராசரிக்கு வரம்பு ஒரு கன மீட்டர் காற்றுல 0.05 மில்லிகிராம். பத்துக்குப் பத்து ரூம், பத்தடி உயரம்னா சுமார் 28 கன மீட்டர். ஒன்றரை மில்லிகிராம் புகை ரூம் முழுக்கக் கலந்தாலே காற்று அந்த அளவைத் தொட்டிடும். ஒரு கிராம் கம்பிக்குள்ள சாதாரணமா 20 மில்லிகிராம் ஃப்ளக்ஸ் இருக்கும். அதுல ஒரு பங்குதான் புகையாகும்னாலும் கணக்கு எங்கே போகுதுன்னு பாருங்க.

என்னை நிறுத்தினது அந்த நம்பர் கூட இல்லை. இந்தப் புகை உடம்பைப் 'பழக்கும்'. முதல் மாசம் ஒண்ணும் ஆகாது, ஆறு மாசம் ஒண்ணும் ஆகாது. ஒரு தடவை நுரையீரல் அதை எதிரின்னு அடையாளம் வச்சுக்கிட்டா, அப்புறம் கொஞ்சூண்டு புகையே இழுப்பைக் கிளப்பும், அது நிரந்தரமாவும் தங்கிடலாம். யாருக்கு வரும், யாருக்கு வராதுன்னு முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஸ்ரீபெரும்புதூர்லயோ அம்பத்தூர் எஸ்டேட்லயோ ப்ரொடக்‌ஷன்ல வேலை கிடைக்கணும்னு நாலு வருஷம் படிச்சிட்டு, சால்டரிங் லைன் பக்கமே போக முடியாத உடம்போட வெளியே வர்றது எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. 'லெட்-ஃப்ரீ கம்பி வாங்கிட்டா போச்சு'ன்னு சிலர் சொல்றாங்க. காரீயத்துக்கு அது சரி. புகைக்கு இல்லை. அது உருகவே 217 டிகிரி வேணும், முனையை இன்னும் சூடாக்குவோம், ஃப்ளக்ஸும் இன்னும் நல்லா புகையும்.

இப்போ ஃபேனுக்கு வர்றேன். நான் வாங்கினதைக் கழட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் கேபினட்ல இருக்கிற 12 செ.மீ. ஃபேன், அதுக்கு முன்னாடி கரித்தூள் தோய்ச்ச ஸ்பாஞ்ச். புகைத் துகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் சின்னது. ஸ்பாஞ்சோட ஓட்டை கண்ணுக்கே தெரியுது. கரி வாசனையைக் கொஞ்சம் உறிஞ்சும், துகளைப் பிடிக்காது. நம்ம ஊர் ஈரக்காற்றுல கரியோட பாதி இடத்துக்குத் தண்ணி ஆவியே போட்டிக்கு வந்துடும். ஆக, புகையை முன்பக்கம் இழுத்துப் பின்பக்கமா ரூமுக்கே திருப்பி விடுது. என் மேசைக்குப் பின்பக்கம் இருந்தது தங்கச்சி கட்டில்.

அதைவிடப் பெரிய சிக்கல் தூரம். உறிஞ்சுற வாய்க்கு முன்னாடி காற்றோட வேகம் எப்படிக் குறையுதுன்னு டல்லா வல்லே என்ற பொறியாளர் 1930-களிலேயே அளந்து ஒரு சூத்திரம் கொடுத்துட்டார். தூரத்தோட வர்க்கத்தைப் பத்தால பெருக்கு, அதோட வாயோட பரப்பைக் கூட்டு, வர்றதை உனக்கு வேணும்ங்கிற வேகத்தால பெருக்கு. அவ்வளவு காற்றை ஃபேன் இழுக்கணும். சால்டரிங் புகையைப் பிடிக்க விநாடிக்கு அரை மீட்டர் வேகம்னு வச்சுக்கலாம். 12 செ.மீ. சதுர வாய் எடுத்துக்கோங்க. நாலு விரல் தூரத்துல, அதாவது ஏழரை செ.மீ.யில், நிமிஷத்துக்கு சுமார் 75 கன அடி காற்று போதும். ஒரு சாண் தள்ளி வச்சா? சுமார் 530 கன அடி! நாம எங்கே வைக்கிறோம்? போர்டு, ஹெல்ப்பிங் ஹேண்ட், கம்பிச் சுருள் எல்லாத்துக்கும் பின்னாடி, ஒரு சாணுக்கும் அப்பால. அந்த ஃபேன் பெட்டியில போட்டிருக்கிற அளவு ஸ்பாஞ்ச் இல்லாம, எதிர்ப்பே இல்லாம ஓடுறப்போ வர்றது. ஸ்பாஞ்சைப் போட்டதும் 30 கன அடிக்கு இறங்கிடுச்சுன்னு வச்சுப் பார்த்தா, ஒரு சாண் தூரத்துல வேகம் விநாடிக்கு மூணு செ.மீ. கூட இல்லை. மேலே ஓடுற சீலிங் ஃபேன் காற்று அதை ஒரு பொருட்டாவே மதிக்காது. நம்பலைன்னா, சால்டர் பண்ற இடத்துல ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி வச்சுப் பாருங்க. புகை ஃபேன் பக்கம் வளையுதா, உங்க பக்கம் வருதான்னு பத்து செகண்ட்ல தெரிஞ்சிடும். நான் அதை வாங்கறதுக்கு முன்னாடி நண்பன் வீட்டு ஃபேன்ல செஞ்சு பார்த்திருக்கணும்.

இதை வீட்டுல புலம்பிக்கிட்டிருந்தப்போ சித்தி சிரிச்சாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி எஸ்டேட்ல ஒரு சின்ன யூனிட்ல போர்டு அசெம்பிளி பார்த்தவங்க. "எங்க டேபிள்ல ஒவ்வொருத்தருக்கும் ஒரு பைப்பு தொங்கும்டா, கை கிட்டேயே. அதைத் தள்ளி வச்சா சூப்பர்வைசர் வந்து இழுத்து விட்டுட்டுப் போவாரு"ன்னாங்க. அந்த சூப்பர்வைசர் டல்லா வல்லே படிச்சிருப்பாரான்னு தெரியாது. ஆனா 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 14-வது பிரிவு இதையேதான் சொன்னது: புகையை வெளியேற்றும் கருவி, புகை பிறக்கும் இடத்துக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட இருக்கணும், முடிஞ்ச அளவு அந்த இடத்தை மூடியும் வைக்கணும். ஃபில்டர் என்ன பிராண்டுன்னு அது பேசலை, தூரத்தைத்தான் பேசுச்சு. சித்தியோட டேபிளுக்கு அந்தச் சட்டம் இருந்தது. என் கட்டில் ஓரத்துக்கு இல்லை. நம்ம லேபுக்கும் இல்லை.

சரி, எதைத்தான் வாங்கறது? ஜன்னல் இருக்கிறவங்க ஃபில்டருக்குக் காசு போடாதீங்க. புகையை வெளியே அனுப்புங்க. நாலு இன்ச் இன்லைன் டக்ட் ஃபேன் ஒண்ணு, கிச்சன் சிம்னிக்குப் போடுற அலுமினிய மடிப்புக் குழாய் ஒண்ணு. ஃபேனை ஜன்னல் பக்கம் வைங்க, குழாய் வாயை போர்டுக்கு நாலு விரல் கிட்ட கொண்டு வாங்க. குழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. மடிப்பும் வளைவும் கூடக் கூட இழுப்பு செத்துப்போகும். ஃபேன்லேயும் கவனம். கேபினட் ஃபேன் திறந்தவெளியில நல்லா தள்ளும், குழாய்க்குள்ள மாட்டினா மூச்சு வாங்கும். குழாய்க்குன்னே செஞ்ச ஃபேன் அல்லது ப்ளோவரா பார்த்து வாங்குங்க. வாயைச் சுற்றி நாலு பக்கமும் ஒரு அட்டையை வளையமா வெட்டி ஒட்டினா பின்பக்கக் காற்றை இழுக்காது; அதே வேகத்துக்குத் தேவையான காற்று கால் பங்கு குறையும். அட்டைப் பெட்டிக்கு என்ன செலவு? எல்லாம் மாட்டினதும் மறுபடி ஊதுபத்தி. அப்புறம் முக்கியமானது, சால்டர் பண்ற நேரம் சீலிங் ஃபேனை நிறுத்தணும். அக்னி நட்சத்திரத்துல அம்பத்தூர்ல இதைச் சொல்றவனை அடிக்கத் தோணும், தெரியும். அதனால நான் போர்டை காலையில அஞ்சரைக்குச் செய்யறேன்.

ஹாஸ்டல்ல இருக்கிறவங்க, ஜன்னலே இல்லாத ரூம் வாடகைக்கு எடுத்தவங்க, உங்களுக்குத்தான் ஃபில்டர் மெஷின் தேவை. அப்போ அதுல துகளுக்கு ஹெப்பா, வாசனைக்கு எடை போட்டுச் சொல்ற அளவுக்கு உண்மையான கரி, ரெண்டும் இருக்கணும். காற்று ஓரமா நழுவாம ரப்பர் சீல் இருக்கணும். வாய் கைக்கிட்ட வர்ற மாதிரி வளையுற குழாய் இருக்கணும். மாத்து ஃபில்டர் தனியா கிடைக்குதா, என்ன விலைன்னு மெஷின் வாங்கறதுக்கு முன்னாடி பாருங்க. இதெல்லாம் சேர்ந்தா விலை ஏறும். ஒருத்தரால முடியாட்டி நாலு பேர் சேர்ந்து ஒண்ணு வாங்கிப் பகிர்ந்துக்கலாம். கொரோனா காலத்து சர்ஜிக்கல் மாஸ்க் இதுக்கு ஒண்ணும் செய்யாது. முகத்தோட ஒட்டிப் போட்ட என்95 துகளைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. அதுவும் உங்களுக்கு மட்டும்தான், பக்கத்துல தூங்குறவங்களுக்கு இல்லை.

எங்க வீட்டுல குழாய் ஜன்னல் வழியா சந்துக்குப் போகுது. நம்ம பக்கத்துச் சந்துன்னா எவ்வளவு அகலம்னு உங்களுக்கே தெரியும். கை நீட்டினா அடுத்த வீட்டுச் சுவர். முதல் நாளே எதிர் வீட்டு அக்கா கிச்சன் ஜன்னல்லேர்ந்து "என்னடா தம்பி, சாம்பிராணியா?"ன்னு கேட்டாங்க. என் தங்கச்சிக்கு ஆகாதது அவங்களுக்கு மட்டும் ஆகுமா? அன்னைக்கே ஒரு எல்போ வாங்கி, பி.வி.சி. பைப்பை மாடி கைப்பிடிச் சுவருக்கு மேல வரைக்கும் ஏத்திட்டேன். இழுப்பு கொஞ்சம் குறைஞ்சது, வாயை இன்னும் ஒரு விரல் கிட்ட நகர்த்தினேன்.

மிச்சம் இருக்கிறது நம்ம லேப். ஒரு பேட்ச்ல முப்பது பேர், முப்பது அயர்ன், சுவர்ல உயரத்துல ரெண்டு எக்ஸாஸ்ட் ஃபேன். அந்த ரெண்டுக்கும் போற வழியில புகை முப்பது மூக்கைக் கடந்துதான் போகுது. எல்லா டேபிளுக்கும் தனித்தனி மெஷின் கேட்கலை. சால்டரிங்குக்குன்னு ஒரு வரிசை டேபிளை ஒதுக்கி, ஒரே குழாய், ஒரே ப்ளோவர், டேபிளுக்கு ஒரு கிளை போதும். வரைபடம், கணக்கு எல்லாம் மெக்கானிக்கல் பசங்களோட சேர்ந்து போட்டுக் கொடுக்க நாங்க நாலு பேர் தயார். அதையே ஒரு ப்ராஜெக்ட்டா எடுத்துக்கிட்டாலும் சரி. அடுத்த கிளாஸ் கமிட்டி மீட்டிங்ல இதைக் கேட்கப் போறோம். உங்க செக்‌ஷன் பிரதிநிதியையும் வரச் சொல்லுங்க. ஊதுபத்தி நான் எடுத்துட்டு வர்றேன்.