பழைய ஜீப்புக்கு என்ன விலை?

நம் கம்பம் பள்ளத்தாக்கில் கடல் இல்லை. ஆனாலும் ஒரு பழைய கப்பலின் கதை நமக்கு உதவும்.

யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தால் கட்டிய பாய்மரக் கப்பல் அன்னபூரணி. சரக்கு ஏற்றி ஓடிய அதை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். தமிழ் மாலுமிகள் ஓட்டிச்சென்று 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். ராபின்சன் அதற்கு முன்பே சிறு பாய்மரப் படகில் உலகைச் சுற்றியவர். அவர் பெயிண்டுக்கு மயங்கியா வாங்கியிருப்பார்?

நம் ஊரிலும் மாடு வாங்குபவர் பல்லைப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார். பழைய ஜீப் வாங்கும்போது மட்டும் புது பெயிண்டும் சீட் கவரும் போதும் என்கிறோம். அந்த ஜீப்தான் விடியுமுன் ஏலத்தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறுகிறது. சாயங்காலம் இறக்கத்தில் அவர்களைக் காப்பாற்ற வேண்டியது பிரேக்.

ஆகவே, வாங்கும் முன் நம்பிக்கையான மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். சேஸிஸில் துருவும் வெல்டிங்கும் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சேஸிஸ் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா, எஃப்.சி., இன்சூரன்ஸ் எதுவரை என்று பாருங்கள். பிரேக், ஸ்டியரிங், டயர் சரிசெய்ய ஆகும் செலவைக் கேட்கும் விலையில் கழியுங்கள். மிச்சம்தான் வண்டியின் மதிப்பு. விற்பவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

நோட்டில் கணக்குத் தப்பினால் அடித்து எழுதலாம். மலைப்பாதையில் முடியாது.