பதினாறுக்குப் பின் யார் பொறுப்பு?

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் வாரத்தில் நமது தமிழ்ப் பத்திரிகைகளின் பக்கங்கள் எப்படி அமைந்திருக்கும் என்பதை வாசகர்கள் நன்கறிவார்கள். ஒன்பது பாடங்களிலும் 'ஏ' சித்தி பெற்ற பிள்ளைகளின் சிறு சிறு படங்கள், அதிபர்களின் வாழ்த்துச் செய்திகள், எந்த மாகாணம் முன்னுக்கு வந்தது எது பின்தங்கியது என்ற ஆராய்ச்சி. இவற்றில் தவறேதுமில்லை. பிள்ளைகளின் உழைப்புக்கு அந்தப் பாராட்டு உரியதே. ஆயினும் அந்தக் கணக்குகள் எதிலும் அகப்படாத ஒரு கூட்டம் நம்மிடையே உண்டு. இவர்கள் பரீட்சை மண்டபத்தின் வாசலையே மிதிக்காதவர்கள். தரம் எட்டிலோ ஒன்பதிலோ ஏதோவொரு நாளில் புத்தகப் பையை மூலையில் வைத்துவிட்டு, அதன் பின்னர் அதை எடுக்காமல் விட்டவர்கள். தோற்றியவர்களைக் கொண்டே சித்தி வீதம் கணிக்கப்படுவதால் இவர்கள் தோல்வியாகக்கூடப் பதிவாவதில்லை.

1945இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த நாடு இது. 1980 முதல் பாடநூல்களும் இலவசம். ஐந்து வயது முதல் பதினான்கு வயது வரையான பிள்ளைகள் கட்டாயமாகப் பாடசாலைக்குச் செல்லவேண்டும் என்ற ஒழுங்குவிதி 1998இல் நடைமுறைக்கு வந்தது. 2016இல் அந்த வயதெல்லை பதினாறாக உயர்த்தப்பட்டது. இவை பெருமைக்குரிய காரியங்கள்தாம். ஆனால் பதினாறாவது பிறந்தநாளுக்கு மறுநாள் என்ன நிகழ்கிறது? அதன் பின்னர் அந்த இளைஞனையோ யுவதியையோ தேடிச் செல்லும் கடமை எந்த அதிகாரிக்கும் இல்லை. பதினெட்டு, இருபது, இருபத்திரண்டு வயதில் ஒருவருக்குப் படிக்கவேண்டும் என்ற விருப்பம் மீண்டும் எழுமானால் அவருடைய வகுப்பறை அவர் வீட்டுத் திண்ணைதான்.

வீட்டிலிருந்து கற்பது என்றதும் மேலைநாடுகளில் வசதி படைத்த பெற்றோர் தம் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாமல் தாமே கற்பிக்கும் முறை சிலருக்கு நினைவுக்கு வரலாம். நமது நாட்டில் வீட்டுக்கல்வி பெரும்பாலும் தெரிவாக இருந்ததில்லை. அது நிர்ப்பந்தமாகவே வந்து சேர்ந்தது. 1990இன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாத, மண்ணெண்ணெய்க்குத் தடை விதிக்கப்பட்ட ஆண்டுகளில் ஜாம் போத்தலில் திரி போட்டு எரித்த விளக்கின் கீழ் ஒரு தலைமுறை படித்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது பிள்ளைகளின் கொப்பிகளும் சேற்றில் மிதிபட்டன. 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியில் பாடசாலைகள் ஒவ்வொன்றாக இடம்பெயர்ந்து, பின்னர் இல்லாமலே போயின. யுத்தம் முடிந்தபோது சரணடைந்தவர்களுள் 594 பேர் சிறுவர் போராளிகள் என்று அரசே கணக்குச் சொன்னது. அவர்களிற் சிலர் இரத்மலானை இந்துக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டுப் படிப்பைத் தொடர்ந்தனர். மற்றப் பலருக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

மலையகத்தின் கதை வேறு. தோட்டப் பாடசாலைகளை 1970களில் அரசு பொறுப்பேற்கத் தொடங்கும் வரை அங்கு கல்வி என்பது பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்பு என்பதோடு முடிந்தது. இன்று நிலைமை எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. எனினும் வீட்டில் ஒருவர் நோயுற்றால், அல்லது கொழும்பில் கடை வேலைக்கு ஆள் தேவை என்று யாராவது வந்து கேட்டால், முதலில் நிறுத்தப்படுவது பிள்ளையின் படிப்பே.

அண்மைய அடி எல்லோருக்கும் பொதுவானது. 2020 மார்ச்சில் கொவிட் காரணமாக மூடப்பட்ட பாடசாலைகள் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் திறப்பதும் மூடுவதுமாக இருந்தன. அரசாங்கத் தொலைக்காட்சியில் 'குருகுலம்' நிகழ்ச்சி வந்தது. கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' இணையத்தளமும் இருந்தது. ஆனால் கைப்பேசிச் சமிக்ஞைக்காகப் பிள்ளைகள் மரத்திலும் மலையுச்சியிலும் ஏறிய செய்திகளையும் அதே காலத்தில்தான் படித்தோம். அது தணிவதற்குள் 2022இல் பொருளாதாரம் வீழ்ந்தது. எரிபொருள் இல்லை, பேருந்து இல்லை, பாடசாலையும் இல்லை. அப்போது பதின்மூன்று, பதினான்கு வயதிலிருந்து, உழைக்கப் போய்த் திரும்பிவராதவர்கள் இன்று இளைஞர்கள். யுத்தத்தால் படிப்பை இழந்தவர்களைப் பற்றிப் பேசியவர்களும்கூட இவர்களைப் பற்றிப் பேசுவதில்லை.

இவர்களுக்குத் திறந்திருக்கும் பிரதான வழி தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றுவது. இதைப் பற்றிப் பலருக்குத் தெளிவில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பாடசாலை மாணவர் ஒன்பது பாடங்களுக்குத் தோற்றுவர்: சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும், தொகுதிகளிலிருந்து தெரிவு செய்யும் மூன்றும். தனிப்பட்ட பரீட்சார்த்தி இவ்வளவையும் ஒரே தடவையில் சுமக்க வேண்டியதில்லை. தாம் விரும்பும் பாடங்களுக்கு மட்டும் விண்ணப்பிக்கலாம். தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி, அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தி என்பதே உயர்தரத்துக்குச் செல்லும் அளவுகோல். இரண்டு தடவைகளில் பெற்ற சித்திகளைச் சேர்த்துக்கொள்ளவும் இடமுண்டு. சங்கீதம், நடனம் போன்ற செய்முறைப் பரீட்சையுள்ள பாடங்களை விடுத்துப் புவியியல், குடியியற் கல்வி, தமிழ் இலக்கிய நயம் போன்றவற்றை எடுப்பது வீட்டிலிருந்து படிப்பவருக்கு இலகு. பாடநூல்கள் அனைத்தும் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் தமிழிலேயே கிடைக்கின்றன. ஆகவே புத்தகம் இல்லை என்பது இன்று ஒரு தடையல்ல.

தடை வேறெங்கோ இருக்கிறது. முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு பெண் தன் அனுபவத்தை என்னிடம் விரிவாகக் கூறினார். 2008இல் தரம் எட்டில் படித்துக்கொண்டிருந்தவர். பின்னர் செட்டிகுளம் முகாம், மீள்குடியேற்றம், நோயாளியான தாய், ஒரு தம்பி. கடையொன்றில் வேலைக்குப் போய்த் தம்பியைப் படிக்கவைத்தார். இருபத்தோராவது வயதில் அயலிலே முன்பள்ளி ஆசிரியைக்கு ஆள் தேவைப்பட்டபோதுதான் சாதாரண தரம் இல்லாமல் அந்தப் படியில்கூடக் கால்வைக்க முடியாது என்பது அவருக்கு உறைத்திருக்கிறது.

"தரம் பதினொன்றுப் புத்தகத்தை விரிச்சன் ஐயா. ஒண்டும் விளங்கேல்லை. எனக்கு மூளை இல்லை எண்டு நினைச்சிட்டன்" என்றார். தம்பியே வழி காட்டியிருக்கிறான். "அக்கா, உங்களுக்குப் பின்னக் கணக்கு விடுபட்டுப் போச்சு, அதுதான் மிச்சமெல்லாம் விளங்கேல்லை. ஆறாம் வகுப்பில இருந்து தொடங்குங்கோ" என்றானாம். அவர் தரம் ஆறுக் கணிதப் புத்தகத்துக்குப் பத்திரிகைத் தாளில் உறை போட்டு, பெயர் தெரியாதபடி மறைத்து வைத்துப் படித்திருக்கிறார். கடையில் கழிவு விலை கணக்குப் பார்க்கத் தெரிந்தவருக்கு நூற்றுவீதம் பழகியிருந்தது. பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பதற்கு மட்டும் இரண்டு வாரம் சென்றதாம். அதன் பின்னர் ஏழாம் தரப் புத்தகம் ஒரு மாதத்தில் முடிந்தது. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். மாமி என்று அழைக்கப் பழகிய அந்த அம்மையார் கிழமைக்கு இருமுறை கொப்பியைப் பார்த்துத் திருத்திக் கொடுத்தார். கட்டணம் எதுவும் வாங்கவில்லை. 2017இலும் 2018இலும் இரு தடவைகளாகத் தோற்றி வேண்டிய ஆறு பாடங்களையும் பெற்ற அந்தப் பெண் இன்று ஒரு முன்பள்ளியில் கற்பிக்கிறார்.

இதை ஒரு சாதனைக் கதையாக நான் எழுதவில்லை. இப்படி ஒருவர் தேறும்போது அதே தெருவில் எத்தனை பேர் தரம் பதினொன்றுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து போயிருப்பார்கள் என்பதே என் கவலை. விடுபட்ட இடத்திலிருந்து தொடங்கவேண்டும் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு தம்பி வாய்க்கவில்லை. தனியார் கல்வி நிலையங்களுக்குப் போகலாமே என்பர் சிலர். அங்கு நடப்பது பரீட்சைக்கு முந்திய மீட்டல். நூறு பிள்ளைகள் இருக்கும் மண்டபத்தில் கடந்தகால வினாத்தாள் வேகமாகச் செய்யப்படும். ஏற்கெனவே தெரிந்தவனுக்கு அது உதவும். பின்னம் தெரியாத இருபது வயதுக்காரன் அங்கே கையை உயர்த்திக் கேள்வி கேட்பான் என்று எதிர்பார்க்க முடியுமா? பதினைந்து வயதுப் பிள்ளைகளின் நடுவே போய் அமர்வதே அவனுக்குப் பெரிய காரியம். வீட்டில் படிப்பதன் உண்மையான அனுகூலம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அங்கே வெட்கப்படாமல் ஆறாம் வகுப்புக்குத் திரும்பிப் போகலாம். வளர்ந்தவர்களுக்கு வேறொரு வசதியும் உண்டு: எதற்காகப் படிக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஐந்தாண்டுப் பாடத்தை ஈராண்டில் முடிப்பவர்கள் இருப்பதற்குக் காரணம் அதுவே.

இந்த விடயத்தில் அரசின் அணுகுமுறை போதாது என்றே கூறவேண்டும். தேசிய கல்வி நிறுவகத்தின் கீழ் திறந்த பாடசாலைத் திட்டம் ஒன்று உண்டு. கிராமத்திலுள்ள இளைஞரிடம் கேட்டுப்பாருங்கள், எத்தனை பேருக்கு அது தெரியும்? 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் உயர்தரச் சித்தி இல்லாதவர்களும் நுழையக்கூடிய அடிப்படைப் பாடநெறிகளை நடத்துகிறது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அதற்கு நிலையங்கள் உள்ளன. தொழில் தெரிந்தவர்களுக்கு முன்கற்றலை அங்கீகரித்துத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கும் முறையும் உண்டு. பாடசாலையைக் கண்டிராத மேசன் ஒருவரும் தன் கைத்திறனை நிரூபித்துச் சான்றிதழ் பெறலாம். கதவுகள் இருக்கின்றன. அவற்றுக்குப் போகும் பாதையைத்தான் யாரும் துப்புரவு செய்யவில்லை.

அயல்நாட்டைப் பார்க்கலாம். இந்தியாவில் 1989இல் தன்னாட்சி நிறுவனமாக அமைக்கப்பட்ட தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பதினான்கு வயது நிரம்பியவர் எவரும் பத்தாம் வகுப்புக்குச் சமமான படிப்பில் சேரலாம். மேல் வயதெல்லை இல்லை. ஒருமுறை பதிவு செய்தால் ஐந்தாண்டு காலம், ஒன்பது பரீட்சை வாய்ப்புகள். ஒரு தடவைக்கு ஒரு பாடம் என்றுகூட எழுதி, தேறியதைச் சேமித்து வைத்துக்கொள்ளலாம். கூலி வேலை செய்துகொண்டு இரவில் படிப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை. நம் நாட்டில் பல தேவைகளுக்கு 'இரண்டு தடவைகளுக்குள்' என்ற நிபந்தனை குறுக்கே நிற்கிறது. பதினாறு வயது மாணவனுக்கு அந்த நிபந்தனை நியாயமாயிருக்கலாம். குடும்பத்தைத் தாங்கும் இருபத்தைந்து வயதுக்காரருக்கும் அதே அளவுகோலை வைப்பது எவ்வகையில் நியாயம்? குறைந்தபட்சம் இருபது வயதைத் தாண்டியவர்களுக்காவது சித்திகளைக் காலவரையறையின்றிச் சேர்த்துக்கொள்ளும் உரிமையை வழங்கினால் எந்தத் தரமும் கெட்டுப்போகாது. வினாத்தாளும் அதுவே, புள்ளியும் அதுவே.

இனிப் புலம்பெயர்ந்து வாழும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் இயங்கும் பழைய மாணவர் சங்கங்கள் தாய்நாட்டுப் பாடசாலைகளுக்குச் செய்துள்ள உதவி மிகப் பெரிது. அதைக் குறைத்து மதிப்பிடும் நோக்கம் எனக்கில்லை. ஆனால் அந்தப் பணம் நுழைவாயில் வளைவுகளாகவும் கேட்போர் கூடங்களாகவும் எழுந்து நிற்கும்போது, அதே பாடசாலையிலிருந்து தரம் ஒன்பதில் விலகியவர்களும் அதன் பழைய மாணவர்களே என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. சங்கங்களின் அங்கத்துவப் படிவங்களில் அவர்களுக்கு இடமிருக்கிறதா என்பதையும் நான் பார்த்ததுண்டு. சில படிவங்கள் பரீட்சைச் சுட்டெண்ணைக் கேட்கின்றன!

இதற்குப் பெருந்தொகை தேவையில்லை. பாடசாலைப் பதிவேட்டிலிருந்து கடந்த பத்தாண்டுகளில் இடைவிலகியவர்களின் பட்டியலை அதிபர் மூலம் பெறவேண்டும். கிராம அலுவலரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவரும் அவர்களைச் சந்தித்துப் பேசவேண்டும். தேசிய அடையாள அட்டையோ பிறப்புச் சான்றிதழோ இல்லாதவர்களுக்கு அதை எடுத்துக்கொடுக்கவேண்டும். யுத்தத்தில் ஆவணம் இழந்தவர்களிற் பலர் இந்த முதற்படியிலேயே நின்றுவிடுகிறார்கள். விண்ணப்பம் இப்போது இணையவழியாகச் செய்யப்படுவதால், இறுதித் திகதியை நினைவூட்டி அதை நிரப்பிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். தனிப்பட்ட பரீட்சார்த்திகள் செலுத்தவேண்டிய கட்டணத்தைச் சங்கம் ஏற்கலாம். தரம் ஆறு முதல் பதினொன்று வரையான கணிதப் புத்தகங்களை அச்சிட்டு, கட்டி, ஓரிடத்தில் வைக்கவேண்டும்.

அந்த இடத்தையும் புதிதாகக் கட்டவேண்டியதில்லை. வடக்கின் பெரும்பாலான கிராமங்களில் நம் முன்னோர் ஏற்படுத்திய வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் இருக்கின்றன. பகலில் நாலு பேர் வந்து பத்திரிகை பார்த்துவிட்டுப் போவார்கள். மாலை ஆறு மணிக்குப் பின்னர், வேலை முடித்து வருபவர்கள் உட்காரக்கூடிய நேரத்தில், அவை பூட்டியே கிடக்கின்றன. உங்கள் ஊர் வாசிகசாலையின் திறப்பு இப்போது யாரிடம் இருக்கிறது என்பதை அடுத்த முறை ஊருக்குத் தொலைபேசியெடுக்கும்போது விசாரித்துப்பாருங்கள்.